பின்னறையில் திறந்திருந்த ஃபைல்

அத்தியாயம் 14

மாமனாரின் இரண்டாம் கல்யாணத்துக்கு விண்ணப்பம் அடித்துக் கொடுக்கிற வேலை வேறு எந்த மருமகளுக்கும் வாய்த்திருக்காது. மேரிசெல்விக்கு வாய்த்தது. பன்னிரண்டு நாட்களாக அதை யாரிடமும் சொல்ல முடியாமல், சாப்பிட்டது செரிக்காதவள் போல நடமாடிக்கொண்டிருந்தாள்.

அதுவும் எப்பேர்ப்பட்ட மாமனார். சிவஞானம் பெருமுக்கல்லில் மூன்று ஏக்கர் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, போடுகிறவர். இரண்டு வருஷத்துக்கு முன்னால் மகன் பாலகுரு இவளைக் கட்டிக்கொண்டு வந்து நின்றபோது, உப்பளத்தில் கால் வெந்த வீட்டுப் பெண் என் வாசலில் ஏறக்கூடாது என்று சொல்லிக் கதவைச் சாத்தியவர். அன்றிலிருந்து அப்பனுக்கும் மகனுக்கும் பேச்சு இல்லை. ஏதாவது கல்யாண மண்டபத்தில் எதிரெதிரே வந்துவிட்டால் பாலகுரு கேமராவைத் தூக்கி முகத்துக்கு முன்னால் வைத்துக்கொள்வான்.

அந்த மனிதர், பாலகுரு வீடியோ வேலைக்குக் கீழ்புத்துப்பட்டு போயிருந்த ஒரு மத்தியானம், அவளுடைய டைப்பிங் கடைக்குள் வந்து உட்கார்ந்தார். மஞ்சள் பையிலிருந்து இரண்டு ஆதார் நகலை எடுத்து மேஜையில் வைத்தார். ஒன்று அவருடையது. இன்னொன்று பொன்னியுடையது. பொன்னி மரக்காணம் உப்பளத்தில் வேலை செய்கிறவள். புருஷன் செத்து ஒன்பது வருஷம். மழைக்காலத்தில் உப்பு வேலை நின்றதும் பெருமுக்கல் பக்கம் களை எடுக்க வந்தவள்.

அவர் தலையை நிமிர்த்தவே இல்லை. "பாலாகிட்ட நானே சொல்லிக்கிறேன். அதுவரைக்கும் நீ சொல்லாதம்மா," என்று மட்டும் கேட்டுக்கொண்டார்.

அம்மா என்று அவர் அவளைக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அந்த ஒரு சொல்லில் அவள் சரி என்று தலையாட்டிவிட்டாள். பிறகுதான் அந்தத் தலையாட்டலின் கனம் தெரிந்தது.

நாளைக் காலை பதினோரு மணிக்கு விண்ணப்பத்தை சார்பதிவாளர் அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். கொடுத்ததும் நோட்டீஸ் பலகையில் ஒட்டுவார்கள். முப்பது நாள் ஊர் முழுக்கப் படிக்கும். மகனிடம் மட்டும் அவர் இன்னும் வாயைத் திறக்கவில்லை.

காலை ஒன்பதரைக்கு சிவஞானம் போன் செய்தார். பொன்னி வீட்டுக் கதவு எண் மாறிவிட்டதாம், பழைய எண்ணை எடுத்துவிட்டுப் புது எண்ணைப் போட வேண்டுமாம். மேரிசெல்வி கஸ்டமரிடம் பேசுவது போல "சரிங்க, மாத்திடறேங்க" என்று சொல்லிவிட்டு வைத்தாள். கண் தானாகவே பின்னறைக் கதவுக்குப் போனது. கதவு சாத்தியிருந்தது. உள்ளே மேளச் சத்தமும் சிரிப்புச் சத்தமும் வெட்டி வெட்டிக் கேட்டன. கோட்டக்குப்பம் கல்யாணத்தை பாலகுரு எடிட் செய்துகொண்டிருந்தான். மாப்பிள்ளை நாளைக்கு துபாய்க்குத் திரும்புகிறார். சாயந்திரம் நான்கு மணிக்குள் வீடியோவும் ஆல்பமும் அவர் கையில் இருந்தாக வேண்டும்.

கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய இந்த வாடகை வீட்டில் முன்னறை அவளுடைய டைப்பிங் கடை. பின்னறை அவனுடைய எடிட்டிங் ரூம். இரண்டு கம்ப்யூட்டருக்கும் நடுவில் சுவரில் துளை போட்டு ஒரு நீலக் கேபிளை இழுத்திருந்தான் பாலகுரு. ஒரு கல்யாணத்தின் வீடியோ மலை மாதிரி இருக்கும். பென்டிரைவில் போட்டுத் தூக்கிக்கொண்டு திரிந்தால் பொழுது விடிந்துவிடும். கேபிளில் அவன் அங்கே வைப்பதை அவள் இங்கே உட்கார்ந்தபடியே எடுத்து ஆல்பம் போடலாம். அவளுடைய பிரிண்டரில் அவன் அங்கிருந்தே பிரிண்ட் கொடுக்கலாம். ஆரம்பத்தில் ஒரு ஃபோல்டரை மட்டும் ஷேர் செய்து பார்த்தான். பாஸ்வேர்டு கேட்டுக் கேட்டு உயிரை வாங்கியது. கடுப்பாகி இரண்டு பக்கமும் மொத்த டிரைவையும் திறந்துவிட்டான். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், திருத்தலாம். புருஷன் பெண்டாட்டிக்குள் என்ன பாஸ்வேர்டு என்று அன்றைக்கு அவள்தான் சிரித்தாள்.

இரண்டு வருஷமாக அவன் அவள் டிரைவுக்குள் எட்டிப் பார்த்ததில்லை. அவனுக்கு அங்கே வேலை இருந்ததில்லை. நேற்றுதான் அவன் டிஸ்க் நிரம்பிவிட்டது. கோட்டக்குப்பம் வீடியோ பாதியை அவள் கம்ப்யூட்டரில் ஏற்றி, தன் அறையிலிருந்தபடியே எடிட் செய்துகொண்டிருந்தான். விண்ணப்பமும் அதே டிரைவில்தான் கிடந்தது. அவசரத்தில் 'பெருமுக்கல் ஃபாரம்' என்று பெயர் வைத்திருந்தாள்.

அதைத் திறக்கப் போனாள். திறக்கவில்லை. திரையில் சின்னதாக ஒரு கட்டம் வந்து நின்றது.

இந்த ஃபைலை வேறொருவர் திருத்திக்கொண்டிருக்கிறார், பூட்டியிருக்கிறது என்று அது சொன்னது. அந்த வேறொருவரின் பெயரையும் சொன்னது. பாலா.

மேரிசெல்வி மவுசிலிருந்து கையை எடுத்துவிட்டாள்.

படிக்க மட்டும் திறக்கட்டுமா, அவர் மூடியதும் உங்களுக்குச் சொல்லட்டுமா என்று கட்டம் கேட்டபடி நின்றது. சொல்லு என்பதை அமுக்கினாள். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. எழுந்து தண்ணீர் குடித்தாள். திரும்ப வந்து உட்கார்ந்தாள். பின்னறையில் மேளம் நின்றிருந்தது. சுழல் நாற்காலியின் கிரீச் சத்தம்கூட இல்லை.

எழுந்து போய்க் கதவைத் தள்ளிவிடலாமா என்று இரண்டு தடவை நினைத்தாள். போய் என்ன சொல்வது? உங்க அப்பா சொல்ல வேணாம்னு சொன்னாரு என்றா? கேட்கிறவன் காதில் அது எப்படி விழும் என்று அவளுக்கே தெரிந்தது.

ஏழு நிமிஷம் கழித்து இன்னொரு கட்டம் வந்தது. ஃபைலை மூடிவிட்டாராம், இனி நீங்கள் திருத்தலாமாம்.

திறந்தாள். கடைசியாகச் சேமித்த நேரம் இப்போதுதான், ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. அப்படியென்றால் படித்ததோடு விடவில்லை, எதையோ மாற்றியிருக்கிறான். பிழை பார்க்க எடுத்து வைத்திருந்த பழைய பிரிண்டை டிராயரிலிருந்து உருவி, திரையோடு வைத்து வரி வரியாக ஒப்பிட்டாள். பெயர் அப்படியே இருந்தது. வயது, முகவரி, பொன்னியின் தகப்பனார் சகாதேவன், எல்லாம் அப்படியே. இரண்டாம் பக்கத்தில்தான் கண் நின்றது.

முதல் மனைவி ஆண்டாள் இறந்த தேதி. பிரிண்டில் ஆகஸ்ட் 12. திரையில் ஆகஸ்ட் 21.

அவ்வளவுதான். வேறு எதையும் அவன் தொடவில்லை.

அவள் அந்த 21-ஐயே பார்த்துக்கொண்டிருந்தபோது வாசலில் செருப்பு கழற்றுகிற சத்தம். உப்பளத்துப் பாப்பாத்தி வந்தாள். ரேஷன் கார்டில் மருமகள் பெயரைச் சேர்க்க வேண்டும். விடிகாலை உப்பு வாரிவிட்டு நேராக வந்திருந்தாள். புடவைக் கரையில் உப்பு காய்ந்து வெள்ளையாகப் படிந்திருந்தது. பத்தரைக்கு மூட்டை பிடிக்கப் போகணும், சீக்கிரம் முடிச்சிக் கொடு என்றாள். மேரிசெல்வி அவளை உட்கார வைத்து ஆதாரை வாங்கி டைப் செய்யத் தொடங்கினாள். மூன்று எழுத்துக்கு ஒரு எழுத்து தப்பாக விழுந்தது.

அப்போது பக்கத்திலிருந்த பிரிண்டர் தானாக விழித்தது.

அவள் எதுவும் கொடுக்கவில்லை. பின்னறையிலிருந்து வந்தது. உருளை சுற்றி, முதல் தாள் மெல்லத் தலையை நீட்டியது. மேலே வலது பக்கம் சிவஞானத்தின் போட்டோ. அதன் பக்கத்தில் பொன்னியின் போட்டோ. மேரிசெல்வி கையை நீட்டுவதற்குள் ஃபேன் காற்றில் தாள் நழுவித் தரையில் விழுந்து, பாப்பாத்தியின் காலடியில் போய் நின்றது.

பாப்பாத்தி குனிந்து எடுத்தாள். படிக்கத் தெரியாதவள். போட்டோ பார்க்கத் தெரியாதவள் இல்லை.

"இது எங்க பொன்னி இல்ல? பக்கத்துல யாரு இந்த ஆளு?"

ஏதோ பென்ஷன் விஷயம் என்று மேரிசெல்வி முனகினாள். பென்ஷனுக்கு எதற்கு இரண்டு போட்டோ என்று பாப்பாத்தி கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. தாளை மேஜையில் வைத்துவிட்டு ஒரு மாதிரி சிரித்தாள். ரேஷன் கார்டு வேலையை நாளைக்குப் பார்த்துக்கலாம் என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினாள். அவள் போகிற வேகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. மூட்டை பிடிக்கிற கொட்டகையில் பொன்னியும் இருப்பாள், இன்னும் இருபது பெண்களும் இருப்பார்கள்.

பின்னறைக் கதவு திறந்தது. பாலகுரு வந்து பிரிண்டரிலிருந்து மீதித் தாள்களை எடுத்தான். மேஜையில் இருந்த முதல் தாளை அவள் கைக்குக் கீழிருந்து உருவினான். அடுக்கித் தட்டிச் சமமாக்கினான். கோபத்தில் கத்துகிறவன் இல்லை அவன். கத்தாமல் இப்படித் தாளைத் தட்டுகிறவனிடம்தான் அவளுக்குப் பயம்.

"எத்தன நாளா?"

"பன்னெண்டு நாளு."

"பன்னெண்டு நாளு என்கூட ஒண்ணா உட்கார்ந்து சாப்பிட்டிருக்க, செல்வி."

அவர் தானே சொல்வதாகச் சொன்னார் என்றாள். உங்க அப்பா என்னிடம் வாய் திறந்து கேட்டது இது ஒன்றுதான், அதை எப்படி மறுப்பேன் என்றாள். உன்னிடம் மறைத்தது தப்புதான் என்பதையும் சொன்னாள். அவன் எதையும் காதில் போட்டுக்கொள்ளாமல் தாள்களைச் சுருட்டினான். பெருமுக்கல் போகப் போகிறானாம். நேருக்கு நேர் நின்று ஒரே ஒரு கேள்வி கேட்கப் போகிறானாம்.

"கல்யாணம் பண்ணட்டும், வேணாங்கல. உன்னை வாசல்ல நிக்க வெச்சாரே, அதைக்கூட விடு. எங்கம்மா செத்த தேதிகூட அவருக்கு ஞாபகம் இல்ல. பன்னெண்டாம். பன்னெண்டா அன்னைக்கு?"

மேரிசெல்விக்கு ஏதோ ஒன்று சுருக்கென்று தைத்தது. டிராயரைத் திறந்து அடிவரை கிளறினாள். விவரமெல்லாம் சிவஞானம் ஒரு உரக்கடை ரசீதின் பின்பக்கத்தில் எழுதிக் கொடுத்திருந்தார். பென்சிலில், ஒவ்வொரு எழுத்தையும் அழுத்தி அழுத்தி. ரசீது ஒரு பழைய காலண்டருக்கு அடியில் கிடந்தது.

ஆண்டாள், மறைவு, ஆகஸ்ட் 21 என்று அதில் இருந்தது. அதற்குப் பக்கத்தில், யாரும் கேட்காமலேயே, புதன்கிழமை காலை என்றும் எழுதியிருந்தார்.

ஒரு கணம் அவளுக்கு ரசீதை மறுபடி உள்ளே தள்ளிவிடத் தோன்றியது. தள்ளவில்லை. அவன் முன்னால் நீட்டினாள்.

"அவரு சரியாத்தான் எழுதியிருக்காரு, பாலா. நான்தான் மாத்தி அடிச்சிட்டேன். தப்பு என்னுது."

பாலகுரு அந்த ரசீதை வாங்கிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான். கஸ்டமர் நாற்காலியில், அவன் அப்பா உட்கார்ந்த இடத்தில்தான். புதன்கிழமை காலை என்ற இரண்டு சொல்லையும் கட்டைவிரலால் தடவினான். அன்றைக்கு அப்பா ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை என்று அவன் எத்தனையோ தடவை அவளிடம் குறைப்பட்டிருக்கிறான். இப்போது மூக்கை உறிஞ்சிக்கொண்டு வெளியே ரோட்டைப் பார்த்தான்.

கொஞ்ச நேரம் விட்டு அவள் பாப்பாத்தி விஷயத்தைச் சொன்னாள். சொல்லச் சொல்ல அவன் முகம் மாறியது. பிரிண்ட் கொடுத்தது அவன். அந்தப் பக்கம் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்க்காமல் கொடுத்தது.

"அந்தம்மாவுக்கு அங்க என்ன ஆகும்?" என்று கேட்டான்.

"நான் அங்க வளர்ந்தவ. என்ன பேசுவாங்கன்னு எனக்குத் தெரியும். கிளம்பு."

பாலகுரு கடைசியாகக் கோக்கப் போட்டிருந்த வீடியோ முடிய இன்னும் இரண்டு மணி நேரம் ஆகும். அவளுடைய கம்ப்யூட்டரிலிருந்து பாதியும் அவனுடையதிலிருந்து பாதியும் எடுத்துக் கோத்துக்கொண்டிருந்தது. ஒன்றை அணைத்தாலும் எல்லாம் போய்விடும். இரண்டையும் அப்படியே ஓட விட்டாள். இந்த வாரம் முழுக்க மத்தியானம் மத்தியானம் கரண்ட் போய்க்கொண்டிருந்தது நினைவுக்கு வந்தது. நினைத்து ஒன்றும் ஆகப்போவதில்லை. ஷட்டரை இறக்கிப் பூட்டினாள்.

பைக்கில் கிளம்பினார்கள். கழிமுகப் பாலத்தைத் தாண்டியதும் காற்று முகத்தில் பிசுபிசுத்தது. இரண்டு பக்கமும் பாத்தி பாத்தியாகத் தண்ணீர் வெயிலில் கண்ணைக் கூசியது. வரப்புகளில் வாரி வைத்த உப்பு கூம்பு கூம்பாக நின்றது. பாலகுருவின் போன் இரண்டு தடவை அடித்தது. கோட்டக்குப்பத்து மாப்பிள்ளையின் அண்ணனாக இருக்கும். அவன் எடுக்கவில்லை.

கொட்டகைக்குள் மூட்டை தைத்துக்கொண்டிருந்த பெண்கள் இவர்களைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினார்கள். அந்த நிறுத்தத்திலேயே செய்தி வந்து சேர்ந்துவிட்டது தெரிந்தது. பாப்பாத்தி கோணி ஊசியில் நூல் கோக்கிறவள் போலத் தலையைக் குனிந்துகொண்டாள்.

பொன்னி மட்டும் நிறுத்தவில்லை. கடைசி இரண்டு தையலையும் போட்டு, நூலை வெட்டி, மூட்டையைச் சாய்த்து வைத்துவிட்டு எழுந்து வந்தாள். ஐம்பதைத் தொடுகிற வயது. வெயிலில் கறுத்த முகம். பாதத்தில் பழைய வெடிப்புகள். பாலகுருவை அவள் இதற்கு முன் பார்த்ததில்லை, ஆனால் முகச் சாயலிலேயே யாரென்று கண்டுபிடித்துவிட்டாள்.

"வாங்க தம்பி," என்றாள். "நாளைக்கு ஆபீஸ்ல பார்க்கலாம்னு இருந்தேன். நீங்களே வந்துட்டீங்க."

பாலகுரு குழம்பிப் போய் மேரிசெல்வியைப் பார்த்தான். நாளைக்கு நான் எதற்கு ஆபீசுக்கு என்று கேட்டான்.

சாட்சிக் கையெழுத்து போட வருவதாக நீங்கள் ஒத்துக்கொண்டீர்களே என்றாள் பொன்னி. மகனிடம் சொல்லி, அவன் சம்மதம் வாங்காமல் எனக்கு இந்தப் பேச்சே வேண்டாம் என்று ஆரம்பத்திலேயே அவரிடம் சொல்லிவிட்டாளாம். போன மாசம் அவர் வந்து, சொல்லியாச்சு, பையன் சரின்னுட்டான் என்றாராம். அதற்கப்புறம்தான் ஆதாரையும் போட்டோவையும் எடுத்துக் கொடுத்தாளாம்.

கொட்டகைக் கூரைத் தகரம் வெயிலில் படபடத்தது.

மேரிசெல்விக்குத்தான் முதலில் வாய் வந்தது. "இவருக்கு இன்னைக்குக் காலைலதான் தெரியும்க்கா. அதுவும் மாமா சொல்லல. கம்ப்யூட்டர்ல பார்த்துட்டாரு."

பொன்னி அதைக் கேட்டுவிட்டு அப்படியே நின்றாள். முகத்தில் அழுகையும் இல்லை, கோபமும் இல்லை. கையில் ஒட்டியிருந்த உப்பை முந்தானையில் துடைத்தாள். துடைத்த பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தாள். பின்னால் இருபது பெண்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பாலகுரு சுருட்டி வைத்திருந்த தாள்களை நீட்டினான். கிழித்துப் போடணும்னா போடுங்க, நான் ஒண்ணும் நினைக்க மாட்டேன் என்றான். அவன் குரல் தணிந்திருந்தது. பெருமுக்கல்லுக்குச் சண்டைக்குக் கிளம்பியவன் குரலாகவே இல்லை.

அவள் வாங்கிக்கொண்டாள். கிழிக்கவில்லை. போட்டோ தெரியாமல் உள்பக்கமாக மடித்தாள்.

"நான் உங்க அப்பாவை நம்பி வந்தேன் தம்பி. வயசான காலத்துல சோறு போடுவாருன்னு வரல. என் சோறு எனக்கு இந்த மண்ணுல இருக்குது. வாய்ல பொய் வராத மனுசன்னு நெனச்சி வந்தேன்."

அந்த நேரம் பார்த்து மேரிசெல்வியின் கையில் போன் அடித்தது. திரையில் 'பெருமுக்கல் கஸ்டமர்' என்று வந்தது. அவள் எடுத்தாள். கடை பூட்டியிருக்குதே, எங்கம்மா போயிட்ட என்று கேட்டார் சிவஞானம். ஃபாரத்தை வாங்கிப் போக வந்தாராம். ஷட்டருக்கு முன்னால் வெயிலில் நிற்கிறாராம். உள்ளே ஏதோ ஓடுகிற சத்தம் கேட்கிறதாம்.

பொன்னி கையை நீட்டினாள். மேரிசெல்வி போனைக் கொடுத்துவிட்டாள்.

"நான் பொன்னி பேசறேன்," என்றாள். அந்தப் பக்கம் என்ன சொன்னாரோ, நடுவில் நிறுத்தினாள். "வெயில்ல நிக்காதீங்க. ஓரமா நில்லுங்க. உங்க புள்ள இங்க என் பக்கத்துலதான் இருக்காரு. புள்ளகிட்ட சொல்லிட்டேன்னு எங்கிட்ட சொன்னீங்களே, அதை இப்ப அவருகிட்டயே சொல்லுங்க. சொல்லி முடிங்க, நான் இங்கயே நிக்கறேன்."

சத்தம் எல்லோருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரைப் போடவும் அவளுக்குத் தெரிந்திருந்தது. போடவில்லை. பாலகுருவிடம் நீட்டினாள்.

இரண்டு வருஷமாகக் கேமராவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டவன் கையில் அன்று கேமரா இல்லை. மேரிசெல்வி அவன் முழங்கையைத் தொட்டாள். தள்ளவில்லை, தொட்டாள்.

அவன் போனை வாங்கினான். காதில் வைத்துக்கொண்டு கொட்டகைக்கு முதுகைக் காட்டி நின்றான்.

"சொல்லுங்கப்பா," என்றான் பாலகுரு.